தரையில் படுத்த தளபதி

தேசிய சேவையில் இருந்தபோது எங்கள் பிளட்டூன் தலைவர் ஒருவர், காட்டுப் பயிற்சியில் நாங்கள் அனைவரும் சாப்பாடு வாங்கிய பிறகே தமது தட்டை எடுப்பார். அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு கடை வைத்து, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்த பின்தான் அதன் அருமை புரிந்தது. பிரிகேடியர் முகம்மது உஸ்மானின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

உஸ்மான் 1912 ஜூலை 15 அன்று வட இந்தியாவின் ஆசம்கர் மாவட்டத்தில் பீபிபூர் என்ற ஊரில் பிறந்தார். தந்தை காவல்துறை அதிகாரி. பன்னிரண்டு வயதில், கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றத் தாமும் உள்ளே குதித்தவர் அவர். இந்தியர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில், இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயின்றார். நாடு திரும்பி பலூச் ரெஜிமெண்டில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

1947இல் நாடு பிரிந்தபோது பெரும் சோதனை வந்தது. இராணுவமும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அவருடைய பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானின் பங்குக்குப் போனது. முஸ்லிம் அதிகாரிகளில் பலரும் அங்கேயே சென்றார்கள். உஸ்மானுக்கும் அழைப்பு வந்தது. விரைவான பதவி உயர்வும் காத்திருந்தது. ஆனால் பிறந்த மண்ணிலேயே இருப்பதென்று அவர் முடிவு செய்தார். பல ஆண்டுகள் பழகிய படைப்பிரிவைப் பிரிந்து, டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார். இரு பக்கமும் சந்தேகக் கண்கள் இருந்த நேரம் அது. தம் விசுவாசத்தை அவர் பேச்சால் நிரூபிக்க முயலவில்லை, வேலையால் காட்டினார்.

அந்த ஆண்டின் இறுதியில் காஷ்மீர்ப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. முக்கியச் சாலைகள் சந்திக்கும் ஜங்கர் என்ற இடம் டிசம்பரில் கைவிட்டுப் போனது. 50ஆவது பாராசூட் பிரிகேடின் தலைவராக நவ்ஷேராவில் இருந்த உஸ்மான், அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உறுதி பூண்டார். மலைப்பகுதியின் கடுங்குளிரில் தரையில் பாய் விரித்துத்தான் உறங்கினார்.

நவ்ஷேரா மக்கள் உணவுக்குத் திண்டாடியபோது, தம் வீரர்களைச் செவ்வாய்க்கிழமைகளில் நோன்பிருக்கச் சொல்லி, மிச்சமான ரேஷனை ஊர் மக்களுக்குக் கொடுத்தார். போரில் பெற்றோரை இழந்து திரிந்த சிறுவர்களைச் சேர்த்து, உணவும் படிப்பும் பயிற்சியும் கொடுத்தார். ‘பாலர் சேனை’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள், சண்டை நடக்கும்போது செய்தி கொண்டு ஓடினார்கள். பின்னர் அவர்களில் மூவரைப் பிரதமர் நேரு கௌரவித்தார்.

1948 பிப்ரவரி 6 அன்று நவ்ஷேரா மீது பெரும் தாக்குதல் நடந்தது. உஸ்மானின் படை அதை முறியடித்தது. ‘நவ்ஷேராவின் சிங்கம்’ என்று நாடே அவரைப் புகழ்ந்தது. எதிர்த் தரப்பில் அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைத்தார்கள். மேலதிகாரி பத்திரிகையாளர்களிடம் அவருடைய பெயரைச் சொல்லிப் பாராட்டியபோது உஸ்மான் மகிழவில்லை. போரிட்டவர்களும் உயிர் கொடுத்தவர்களும் வீரர்களே. பெருமை அவர்களையே சேர வேண்டும் என்று கடிதம் எழுதினார். வியாபாரத்தில் இலாபம் வந்தால் என் சாமர்த்தியம் என்றும், நட்டம் வந்தால் பையன்களின் கவனக்குறைவு என்றும் சொல்லிப் பழகிய எனக்கு, இந்தக் கடிதம் ஒரு பாடம்.

மார்ச் 18 அன்று ஜங்கர் மீட்கப்பட்டது. அதன் பிறகுதான் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவருக்கு ஒரு கட்டில் கொண்டுவரப்பட்டது. அந்தக் கட்டிலில் அவர் நீண்ட நாள் உறங்கவில்லை. ஜூலை 3 மாலை முகாமின் மீது பீரங்கித் தாக்குதல் நடந்தபோது, அருகில் விழுந்து வெடித்த குண்டு அவர் உயிரைப் பறித்தது. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும். டில்லியில் ஜாமியா மில்லியா வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். நேருவும் அமைச்சர்களும் ஜனாஸாவில் கலந்துகொண்டார்கள். மகாவீர் சக்ரா விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, மதுவைத் தொட்டதில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே போனது.

நம் முன்னோர்களும் கடல் கடந்து வந்து, இதுவே நம் ஊர் என்று முடிவு செய்தவர்கள்தாம். ஐம்பது ஆண்டுகளாக இச்சங்கத்தில் நாற்காலி அடுக்கியவர்களும், நோன்புக் கஞ்சி காய்ச்சியவர்களும், பிள்ளைகளின் படிப்புக்கு நிதி திரட்டியவர்களும் பெயர் தேடவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கப்போகும் என் வயதுக்காரர்கள், பதவி என்பது கட்டிலா, பாயா என்பதை உஸ்மானிடம் கற்றுக்கொள்ளலாம். அன்னாரின் மண்ணறையை இறைவன் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.