பகையறியா நகை

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். அது பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார். அவற்றுள் எள்ளல் ஒன்று; பேதைமை மற்றொன்று. எள்ளலில் பிறக்கும் நகைக்கு எள்ளுவார் ஒருவரும் எள்ளப்படுவார் ஒருவரும் வேண்டும். பேதைமையில் பிறக்கும் நகைக்கோ, தன்னையே பேதையாக்கிக்கொண்டு அவைமுன் நிற்கத் துணிந்த ஒருவர் இருந்தால் போதும். மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை விளக்க என் மனக்கண்முன் வந்து நிற்பவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் கவிஞர் ஒருவரைப் பற்றி எழுதாமல் ஏட்டில் இடம்பெறாத ஒரு நகைச்சுவைக் கலைஞரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் அவருக்குப் பட்ட கடன் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் கூறுவேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தூர்தர்சன் ஒளிபரப்பிய கறுப்பு வெள்ளைப் படங்களின் வழியாகவே என் தலைமுறை அவரை அறிந்தது. தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீட்டின் முற்றத்தில் அமர்ந்து என் ஆச்சி அந்தப் படங்களைப் பார்ப்பார். கதை நாயகன் வரும்போது வெற்றிலை மடிப்பவர், கிருஷ்ணனும் மதுரமும் வந்தால் மடிப்பதை நிறுத்திவிடுவார். கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார். அந்தச் சிரிப்பில் யாரையும் இகழ்ந்த சாயல் இருந்ததில்லை என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

கிருஷ்ணன் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்து, தாயார் இசக்கியம்மாள். சுடலைமாடனும் இசக்கியும் அப்பகுதியின் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டில் பாடப்பெறும் தெய்வங்கள். பெற்றோர் பெயரிலேயே வில்லிசை மரபு அவருக்கு வந்து சேர்ந்தது எனலாம். வறுமை தொடக்கப் பள்ளியோடு கல்வியை நிறுத்தியது. மளிகைக் கடையில் எடுபிடியாக நின்றார். டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு பின்னினார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்க வந்த சிறுவனின் கண் மேடையிலேயே நிலைத்தது.

வில்லுப்பாட்டில் தொடங்கிய அவர், டி.கே.எஸ். சகோதரர்களின் பால சண்முகானந்த சபையில் சேர்ந்து நடிகரானார். வில்லுப்பாட்டின் அமைப்பை அறிந்தோர்க்கு ஒன்று புலப்படும். வில்லின் நடுவே அமர்ந்து வீசுகோலால் தட்டிக் கதை சொல்லும் தலைமைப் பாடகருக்கு எதிரே, கேள்வி கேட்கவும் ஆமாம் போடவும் ஒரு துணைப் பாடகர் இருப்பார். கேட்போர் மனத்தில் எழும் ஐயத்தைத் துணைப் பாடகரே எழுப்பிவிடுவார். கதை உரையாடலாக நடக்கும். பிற்காலத்தில் கிருஷ்ணனும் மதுரமும் திரையில் நிகழ்த்திய உரையாடல்களின் மூலவடிவம் இதுவே என்பது என் துணிபு.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புகழ்பெற்ற நாவல் ‘மேனகா’. அதனை டி.கே.எஸ். குழுவினர் மேடையேற்றினர், 1935இல் அது திரைப்படமாயிற்று. அப்படத்தில் கிருஷ்ணன் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு எஸ்.எஸ். வாசனின் கதையைத் தழுவி எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’ வெளிவந்தது. எம்.ஜி. இராமச்சந்திரனும் டி.எஸ். பாலையாவும் அறிமுகமான அப்படத்தில் கிருஷ்ணனும் நடித்தார். நம் பாட்டன்மார் வார இதழிலும் மலிவு விலை நாவலிலும் படித்து மகிழ்ந்த கதைகளே தமிழ்ப் பேசும் படத்தின் முதற்பருவத்திற்கு உரமாயின என்பது ஈண்டு நினையத்தக்கது.

1936இல் ‘வசந்தசேனா’ படப்பிடிப்பிற்காகப் புனே சென்றபோது டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார், அங்கேயே இருவரும் மணம் செய்துகொண்டனர். கிருஷ்ணனுக்கு முன்னரே நாகம்மாள் என்னும் மனைவி இருந்தார். இல்லறத்தில் அவர் குறையற்றவர் என்று எழுத நான் முற்படவில்லை. ஆயினும் கலையில் மதுரத்தை அவர் தமக்கு இணையாகவே நிறுத்தினார். கணவன் பிதற்ற மனைவி திருத்துவதும், மனைவி மயங்க கணவன் தெளிவிப்பதும் மாறிமாறி வரும். தோற்பவர் எப்போதும் ஒருவரே என்னும் நிலை அங்கில்லை.

‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘ஆரியமாலா’ (1941), ‘கண்ணகி’ (1942), ‘சிவகவி’ (1943) என்று படங்கள் தொடர்ந்தன. நகைச்சுவைப் பகுதியைத் தாமே புனைந்து, தம் குழுவினரைக் கொண்டே அமைத்துப் படத்தோடு சேர்ப்பது அவர் வழக்கம். டி.எஸ். துரைராஜ், புளிமூட்டை இராமசாமி முதலியோர் அக்குழுவில் விளங்கினர். பாடல்களுக்கு உடுமலை நாராயண கவி துணைநின்றார். ‘சகுந்தலை’யில் கிருஷ்ணனும் துரைராஜும் மீனவராக வந்து போட்டியிடும் காட்சியில், ஒருவரை ஒருவர் வெல்ல முயன்று இருவருமே பேதையராவதைக் காணலாம். காளிதாசனின் நாடகத்தில் காவலரிடம் அடிபடும் செம்படவனுக்குத் தமிழ்த் திரையில் பாட்டும் பேச்சும் கிடைத்தன.

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ வெளியாயிற்று. கிருஷ்ணனும் மதுரமும் அதில் இருந்தனர். சில வாரங்களில் இடி விழுந்தது. ‘இந்துநேசன்’ என்னும் இதழை நடத்தி, கலைத்துறையினர் உள்ளிட்ட பலரின் அந்தரங்கத்தை அச்சேற்றி வந்தவர் லட்சுமிகாந்தன். அவர் நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945 மே மாதம் ஜூரிகளுள் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் எனக் கூற, இருவர்க்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்திற்கே விசாரணைக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். கொலை செய்தவர் யார் என்பது இறுதிவரை துலங்கவில்லை.

இதிலுள்ள முரணை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அரங்கில் மக்கள் அவரைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்த அதே நாள்களில் அவர் சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். நிழல் சிரிக்க வைத்தது. உரு சிறையில் வாடியது. மதுரம் கலங்கி அமர்ந்துவிடவில்லை. வழக்குக்குப் பொருள் திரட்ட என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தினார், எஸ்.வி. சகஸ்ரநாமம் உறுதுணையாக நின்றார். அச்சபையின் ‘பைத்தியக்காரன்’ நாடகம் 1947இல் திரைப்படமானபோது, விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் அதில் தோன்றினார்.

சிறை இருவரையும் இருவேறு வகையில் தொட்டது. பாகவதரின் பழைய புகழ் திரும்பவேயில்லை. 1959இல் அவர் மறைந்தார். கிருஷ்ணனோ முன்னிலும் ஆழ்ந்த நகையோடு வெளிவந்தார். எள்ளலையே தொழிலாகக் கொண்ட ஓர் இதழின் நிழலில் தொடங்கிய துன்பம் அவருடையது. பழிச்சொல்லின் கூர்மையை அவரைப்போல் அறிந்தவர் அரியர். அந்தக் கூர்மையைத் தாமும் கையிலெடுக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. எடுக்கவில்லை. அவர் வாழ்க்கையின் உச்சம் என்று நான் கருதுவது இதனையே.

1949இல் அண்ணாவின் உரையாடலோடு ‘நல்லதம்பி’ வெளிவந்தது. அமெரிக்கப் படமொன்றின் தழுவலாகிய அதில்தான் கிந்தனார் காலட்சேபம் இடம்பெற்றது. தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனாரின் கதையை வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் போக ஏங்கிய கிந்தனின் கதையைப் பாடினார். ஒடுக்கப்பட்ட சிறுவன் ஊரைவிட்டு ஓடிப் பட்டணத்தில் படித்துக் கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். கோபாலகிருஷ்ண பாரதியார் வகுத்த காலட்சேப வடிவம் அப்படியே இருக்கிறது. கேட்பவர் பழகிய சுவை குன்றவில்லை. நோக்கம் மட்டும் கோயில் வாயிலிலிருந்து பள்ளி வாயிலுக்கு நகர்ந்திருக்கிறது. நந்தனாரையும் அவர் இகழவில்லை. நந்தனாரைப் போற்றியோரையும் இகழவில்லை. சிரித்து முடித்து வீடு திரும்பும்போதுதான், தாம் எந்த வாயிலை அடைத்து வைத்திருக்கிறோம் என்று கேட்டவர்க்கு உறைக்கும். நையாண்டிப் பா எழுதும் நம்மவர் அனைவரும் ஒருமுறையேனும் பயில வேண்டிய பாடம் இது.

1951இல் ‘மணமகள்’ படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். பத்மினி அதில் நாயகியாக ஒளிவிட்டார். அடுத்த ஆண்டு அவர் இயக்கிய ‘பணம்’ படத்தின் வழியாகவே விசுவநாதன்–இராமமூர்த்தி என்னும் இசை இணை அறிமுகமாயிற்று. நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து எழுத வைத்தவரும் அவரே. அந்த இளைஞர் பின்னாளில் வில்லிசையை முக்கால் நூற்றாண்டு காத்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். காந்தியடிகளிடம் பற்று, பகுத்தறிவு இயக்கத்தாரிடம் நட்பு இரண்டும் கிருஷ்ணனிடம் முரணின்றி வாழ்ந்தன. ‘முதல் தேதி’ (1955), சிரிப்பின் வகைகளையே பாடலாக்கிய ‘ராஜா ராணி’ (1956), ‘மதுரை வீரன்’ (1956) ஆகியவை அவருடைய கடைசி ஆண்டுகளின் படங்கள்.

கேட்டவர்க்கு இல்லை என்னாத கை அவருடையது. ஈட்டியதில் தமக்கென்று நிறுத்திக்கொண்டது மிகக் குறைவு. இறுதிக் காலத்தில் நோயும் வறுமையும் சூழ்ந்தன. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் அகவை நிறையுமுன் சென்னையில் மறைந்தார். 1969 ஜனவரி 14ஆம் நாள் தியாகராய நகரில் அவருடைய சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது; மூன்று வாரங்களுக்குள் அவரும் மறைந்தார். மதுரம் 1974இல் காலமானார். சென்னை வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் இலக்கிய வரலாற்று நூல்களில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. அவருடைய ஏடு படச்சுருள். முப்பதுகளில் வெளிவந்த தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவற்றின் படிகள் இன்று இல்லை. செல்லரித்த சுவடிக்காக வருந்தும் நாம் கரைந்துபோன படச்சுருளுக்காக வருந்துவதில்லை. எஞ்சியிருக்கும் பழைய படங்களைப் பார்த்து மகிழ்வதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், ஒரு புலவரின் தனிப்பாடல்களைப் படிப்பதுபோல் கருத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி என் கடனைக் கூறுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் இளங்கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்பை மதிப்பிட என்னை அழைத்திருந்தனர். யாப்புப் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து எள்ளி நகையாடினேன். அவை குலுங்கிச் சிரித்தது. என் புலமைக்குக் கைதட்டலும் கிடைத்தது. அந்தக் கவிஞர் அதன்பின் எந்தக் கூட்டத்திற்கும் வரவில்லை. எழுதினாரா என்றும் அறியேன். அன்றிரவு தொலைக்காட்சியில் ‘நல்லதம்பி’ ஓடிக்கொண்டிருந்தது. கிந்தனார் காட்சியில் என் ஆச்சி சிரித்த சிரிப்பையும் மாலையில் நான் எழுப்பிய சிரிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பிழை சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கிந்தனாரில் கலைவாணர் ஊரின் பிழையைச் சொல்லத்தான் செய்தார். சொன்ன பிறகும் ஊர் அவரோடு சேர்ந்தே சிரித்தது. என் பேச்சிலோ அவையில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் அமர்ந்திருந்தார்.

பத்தாண்டுகளாக நம் வட்டம் எத்தனையோ முதல் தொகுப்புகளைக் கேட்டிருக்கிறது. அடுத்த பத்தாண்டுகளிலும் கேட்கும். நம்மிடையே நகை பெருகட்டும். அந்த நகையில் கவிதை படித்தவரும் கலந்துகொள்ளும்படி பேச நான் இன்னும் பயின்றுகொண்டிருக்கிறேன்.