கடனாளியாய் மறைந்த துறவி
கூர் நகரின் தெயோடோசியுஸ் அடிகளார்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் பிறந்ததும் சுவிஸ் நாட்டில் வாழும் எம்மவர் வீடுகளுக்கு ஒரு கடிதம் தவறாது வந்து சேர்கின்றது. அடுத்த ஆண்டுக்குரிய மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தை அறிவிக்கும் கடிதம் அது. கிராங்கன்காசே என்ற ஜேர்மன் சொல் எமது பாட்டிமாரின் வாயிலும் பழகிவிட்டது. வாடகைக்கு அடுத்தபடியாகக் குடும்பத்தின் வருமானத்தைக் கரைப்பது இதுவே. உணவகச் சமையலறையில் நிற்பவரும் வங்கியின் பணிப்பாளரும் ஒரே பிரதேசத்தில், ஒரே நிறுவனத்தில், ஒரே விதமான காப்புறுதியை வைத்திருந்தால் ஒரே தொகையையே கட்டவேண்டும். 1951ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்ற நாட்டிலிருந்து வந்த எமக்கு இது புதிராகவும் அநீதியாகவும் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும், ஊரிலும் வைத்தியம் இலவசமாக நடந்ததில்லை. தேயிலை ஏற்றுமதியிலும் அரிசி வியாபாரியிடத்திலும் அறவிடப்பட்ட வரி அதற்கான செலவைத் தாங்கியது. நோயாளி கொடுக்காத பணத்தை வேறு யாரோ கொடுத்தே தீரவேண்டும். அந்த யாரோ யார் என்ற வினாவோடு தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் கழித்த ஒருவர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கூர் நகரில் வாழ்ந்தார். அவரது வரலாறு எம்மவரிடையே அதிகம் அறியப்படாதது.

கிறவுபுண்டன் மாநிலத்தின் கிழக்கு மூலையில், தீரோல் எல்லையை ஒட்டி, மியூஸ்ரயர் என்னும் மலைக் கிராமம் உள்ளது. றொமான்ஸ் மொழி பேசும் அவ்வூரில் 1808ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் பிறந்தவர் அன்ரன் கிறிஸ்பின் புளோரன்ரினி. 1825இல் கப்புச்சின் துறவிகள் சபையிற் சேர்ந்து தெயோடோசியுஸ் என்ற துறவுப் பெயரை ஏற்றார். இளம் வயதிலேயே குருமாணவருக்குப் போதிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1838இல் ஆர்கவ் மாநிலத்தின் பாடன் நகர மடத்துக்குத் தலைவரானார்.

அமைதியாகக் கழிந்திருக்கவேண்டிய அவ்வாழ்க்கையை அரசியல் குலைத்தது. 1841ஆம் ஆண்டு ஜனவரியில் ஆர்கவ் அரசு தன் எல்லைக்குட்பட்ட துறவு மடங்களைக் கலைத்துவிடத் தீர்மானித்தது. கத்தோலிக்கக் கிராமங்களில் எழுந்த கிளர்ச்சியைத் தூண்டியவர்களில் ஒருவரென அடிகளார் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. கைதுக்குத் தப்பி அவர் பிரெஞ்சு ஆளுகைக்குட்பட்ட அல்சாஸ் பகுதிக்குச் சென்றார். இன்று அகதிகளைப் பொறுக்கியெடுத்து ஏற்கும் சுவிஸ் நாடும் ஒரு காலத்தில் தன் குடிமக்களை எல்லை தாண்டி ஓடவைத்தது என்பதை எமது வாசகர்கள் கவனத்திற் கொள்வது நன்று.

அந்த ஓட்டம் வீணாகவில்லை. அல்சாஸ் கிராமங்களில் கன்னியர்கள் பாடசாலை நடத்தும் முறையை அவர் அருகிலிருந்து கண்டார். தாம் பயிற்றுவிக்க விரும்பிய இளம் பெண்களை அங்கேயே கற்கவைத்தார். 1844இல் மென்சிங்கன் என்ற ஊரில் முதற் கன்னியர்கள் கிராமத்துச் சிறுமியருக்குப் பாடசாலை தொடங்கினர். ஏழைக் கிராமத்தினால் ஆசிரியருக்கு முழுச் சம்பளம் கொடுக்க இயலாது. துறவு வாழ்க்கையை ஏற்ற பெண்ணோ உணவும் உடையும் உறைவிடமும் போதுமென்று பணிபுரிவாள். அடிகளார் கண்டெடுத்த கணக்கு இதுதான்.

1845இல் கூர் நகரப் பேராலயத்தின் பங்குக் குருவாக வந்தபோது இதே கணக்கை அவர் நோயாளரிடத்தும் கொண்டுவந்தார். அக்காலச் சுவிஸ் சட்டத்தின்படி ஏழையைப் பராமரிக்கும் கடமை அவனது பூர்வீகக் கிராமத்துக்கே உரியது. ஒருவன் எங்கே வாழ்கிறான், எங்கே உழைக்கிறான் என்பது பொருட்டல்ல. எந்தக் கிராமத்தின் பதிவேட்டில் அவன் பரம்பரை உள்ளது என்பதே கேள்வி. வேலை தேடி நகரத்துக்கு வந்த பணிப்பெண்ணும் கூலியாளும் நோயுற்றால், நகரம் தன் பொறுப்பல்ல என்று கைவிரிக்கும். கிராமமோ செலவுக்கு அஞ்சி முகந்திருப்பும். விசாக்களும் வதிவிட அட்டைகளும் வருவதற்கு முன்னரே இந்தத் தள்ளுபடி மனிதர் இருந்தனர்.

1850இல் கூர் நகரின் பிளானாதெரா பகுதியில் ஒரு சிறு வைத்தியசாலையை அடிகளார் திறந்தார். 1852இல் அதன் பொறுப்பை ஏற்க வந்த கன்னியர் மரியா தெரேசியா ஷேரர் லூசேர்ன் மாநிலத்தின் மெகன் கிராமத்தவர். தந்தையை இளமையில் இழந்தவர். லூசேர்ன் நகர வைத்தியசாலையில் வேலை பழகியவர். அடுத்த ஆண்டிலேயே சிலுவை வைத்தியசாலை என்ற பெயரோடு பெரிய கட்டடம் எழுந்தது. புரட்டஸ்தாந்தினர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரில் கப்புச்சின் துறவி ஒருவர் இதனைச் செய்துமுடித்தது சாதாரண காரியமன்று. ஏறத்தாழ இதே ஆண்டுகளில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருந்தகமும் மருத்துவ வகுப்பும் நடத்திக்கொண்டிருந்தார். அங்கும் கடல் கடந்த பக்தர்களின் நன்கொடையே செலவைத் தாங்கியது.

கூரில் பணம் எங்கிருந்து வந்தது? அடிகளார் சுவிஸ் நாட்டுக்குள்ளும் வெளியிலும் ஊரூராகச் சென்று பிச்சையெடுத்தார். கட்டடத்துக்கு அது உதவியது. ஆனால் வைத்தியசாலையின் உண்மையான செலவு கட்டடமன்று. இரவும் பகலும் நோயாளியின் அருகே நிற்கும் மனித உழைப்பே பெருஞ்செலவு. அந்த உழைப்பைக் கன்னியர்கள் சம்பளமின்றிக் கொடுத்தனர். ஊராட்சிகளோ வைத்தியசாலைகளோ தாய்மடத்துக்கு ஒரு சிறு தொகை செலுத்தும்; தனிப்பட்ட கன்னியரின் கையில் எதுவும் வராது. கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத அந்தத் தொகையையே பின்வந்த தலைமுறைகள் மலிவான மருத்துவம் என்று புகழ்ந்தன. அதனைப் பெண்கள் கொடுத்த வட்டியில்லாக் கடன் என்று சொல்வதே பொருந்தும் என்பது எமது கருத்து.

மென்சிங்கன் கன்னியர் பாடசாலைப் பணியோடு நிற்கவே விரும்பினர். ஆகவே 1856இல் நோயாளர், ஏழைகள் ஆகியோருக்கான பணி இங்கன்போல் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு தனிச் சபையாகப் பிரிந்தது. மறு ஆண்டு ஷேரர் அதன் தலைவியானார். மென்சிங்கன் சபையாரும் பின்னாளில் நோயாளர் பணிக்கு வந்தனர்; 1906இல் அவர்கள் திருவிதாங்கூருக்குத் தாதியராகச் சென்றமை தமிழருக்கு அண்மையான செய்தி.

பிச்சைப் பணம் நிலையான வருமானமன்று என்பதை அடிகளார் நன்கு உணர்ந்திருந்தார். ஒரு நல்ல அறுவடைக் காலத்தில் பெட்டி நிறையும், பஞ்சத்தில் வெறுமையாகும். பஞ்சத்தில்தான் நோயாளர் கூட்டம் பெருகும். எனவே அவர் தொழிற்சாலையை நாடினார். தொழிற்சாலைகளைத் துறவு மடங்களைப் போல ஒழுங்கமைத்து, தொழிலாளிக்கு உறைவிடமும் கல்வியும் நோய்க்காலப் பராமரிப்பும் கொடுத்து, இலாபத்தை அறப்பணிக்குத் திருப்பவேண்டும் என்று அவர் வாதிட்டார். இங்கன்போலில் நெசவு தொடங்கினார். பொகேமியாவில் துணி ஆலையொன்றை வாங்கினார். சென் காலன் மாநிலத்தில் காகித ஆலையிலும் கைவைத்தார்.

நோக்கம் உயர்ந்தது, முதலோ கடன். முதலில் வாங்குவதும் பின்னர் பணம் தேடுவதும் அவர் வழக்கம். வைத்தியசாலை விடயத்தில் இத்துணிவு கைகொடுத்தது, ஏனெனில் மக்களின் இரக்கம் பின்னால் வந்து இடைவெளியை நிரப்பியது. துணிச் சந்தை இரக்கம் பாராது. அனுபவமற்ற முகாமையும் வட்டிச் சுமையும் பொகேமிய ஆலையைச் சாய்த்தன. 1860இல் கூர் மறைமாவட்டத்தின் குருமுதல்வராக உயர்ந்த அவர், அப்பதவியிலிருந்தபடியே கடன்காரர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவரானார்.

1865 பெப்ரவரி 15ஆம் நாள், அப்பன்செல் மலைநாட்டின் ஹைடன் என்னும் ஊரில், பயணத்தின் நடுவே அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 56. இதே ஹைடனில்தான் செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட ஹென்றி டுனான் தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1910இல் இறந்தார். அவரும் வியாபாரத்தில் நொடிந்தவர். பிறர் காயத்துக்கு மருந்திட்ட இருவர் கடனாளிகளாய் ஒரே சிற்றூரில் கண்மூடியது விசித்திரமான ஒற்றுமை.

அடிகளாரின் கடன் ஷேரர் தலையில் விழுந்தது. நிறுவகரின் பெயர் நீதிமன்றங்களில் இழுபடுவதை அவர் விரும்பவில்லை. ஏற்கெனவே சம்பளமின்றி உழைத்த கன்னியர், துணி ஆலையின் நட்டத்தையும் தம் உழைப்பாலும் பிச்சையாலும் அடைத்தனர். 1888இல் ஷேரர் மறைந்தபோது சபையின் கன்னியர் தொகை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 1995இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

அரசு இவ்விடயத்தில் மிக மெதுவாகவே நடந்தது. 1890இல் நோய்க் காப்புறுதிக்கான அதிகாரத்தை அரசியலமைப்பு கூட்டாட்சிக்கு வழங்கியது. 1900இல் முதற் சட்டத்தை வாக்காளர் நிராகரித்தனர். 1912இல் ஏற்கப்பட்ட சட்டமோ கட்டாயக் காப்புறுதியைக் கொண்டுவரவில்லை. காப்புறுதி நிறுவனங்களுக்கு மானியம் மட்டும் கொடுத்தது. பெண்களிடமும் வயது முதிர்ந்து சேர்வோரிடமும் கூடுதலாக அறவிட அதில் இடமிருந்தது. நாடெங்கும் யாவருக்கும் அடிப்படைக் காப்புறுதி கட்டாயமானது 1996 ஜனவரி முதலாம் நாளிலிருந்துதான். இன்று நோயாளி என்பதற்காக எவரையும் அடிப்படைக் காப்புறுதியில் சேர்க்க மறுக்க முடியாது. ஆனால் வருமானத்துக்கேற்ற கட்டணம் என்ற கொள்கை இடம்பெறவில்லை. குறைந்த வருமானத்தாருக்கு மாநிலம் கொடுக்கும் சலுகையே அதற்கு ஈடு. எம்மவரிற் சிலர் இச்சலுகைக்கு விண்ணப்பிக்காமலே காலங்கழிப்பது வருந்தத்தக்கது. அரசு தனியொரு பொதுக் காப்புறுதி நடத்தவேண்டும் என்ற யோசனை 2007இலும் 2014இலும் வாக்கெடுப்பில் தோற்றது.

இதற்கிடையில் மடங்களுக்குள் வரும் இளம் பெண்களின் தொகை அருகியது. கன்னியரின் இடத்தில் சம்பளம் பெறும் தாதியர் வந்தனர். கணக்கில் எழுதப்படாதிருந்த செலவு எழுத்தில் வரத் தொடங்கியது. கட்டணம் ஏறுவதற்குப் புதிய மருந்தும் கருவியும் முதுமையும் காரணம் என்பர். அது உண்மையே, எனினும் இந்தக் காரணத்தையும் அவற்றோடு சேர்த்துச் சொல்வார் குறைவு. 2006இல் சிலுவை வைத்தியசாலை, நகரின் வேறு இரு வைத்தியசாலைகளுடன் இணைந்து கிறவுபுண்டன் மாநில வைத்தியசாலையாயிற்று. 2021 நவம்பர் 28ஆம் நாள், தாதியர் தொழிலை வலுப்படுத்தக் கோரிய அரசியலமைப்புத் திருத்தத்துக்குச் சுவிஸ் வாக்காளரில் நூற்றுக்கு 61 பேர் ஆம் என்றனர். அத்திருத்தம் தாதியரின் உழைப்புக்குத் தகுந்த ஊதியத்தையும் கோருகின்றது. அந்த ஊதியத்தை எவர் கொடுப்பது என்ற விவாதம் பேர்ண் நாடாளுமன்றத்தில் அதன் பின்னரும் தொடர்ந்தது.