டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த மேதையின் கதை

லாரி ஓடுகிறது. பஸ் ஓடுகிறது. வயலில் பம்பு ஓடுகிறது. எதனால் ஓடுகிறது என்று கேட்டால், டீசல் என்கிறார்கள்.

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர்! அவர்தான் ருடால்ப் டீசல்.

இப்போது பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்கள் வந்துவிட்டன. இவற்றை ஹைபிரிட் கார் என்கிறார்கள். இந்தக் கார்களுக்கு டீசல் என்ஜின் ஏற்றதா என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கு விடை காண, டீசலின் வாழ்க்கைக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழைத் தொழிலாளியின் மகன்

டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியர்கள். தகப்பனார் தியோடர், புத்தகம் பைண்டு செய்யும் தொழிலாளி. பிறகு தோல் சாமான்கள் செய்து விற்றார். வருமானம் குறைவு.

சிறுவன் டீசலுக்கு எந்திரங்கள் என்றால் உயிர். பாரீசில் இருந்த தொழில்நுட்பக் காட்சி சாலைக்குப் போய், பழைய எந்திரங்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பான்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. ஜெர்மனியர்கள் பாரீசை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கும் வறுமை. ஆகவே 12 வயது டீசலை, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த உறவினர் கணக்கு ஆசிரியர். அவருடைய ஆதரவில் டீசல் நன்றாகப் படித்தார்.

சீக்கிரம் வேலைக்குப் போ என்றார்கள் பெற்றோர். டீசல் கேட்கவில்லை. உதவிச் சம்பளம் பெற்று மியூனிக் நகரப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார்.

தூக்கத்தைக் கெடுத்த பாடம்

அங்கே லிண்டே என்ற பேராசிரியர் இருந்தார். ஐஸ் செய்யும் எந்திரத்தில் புகழ் பெற்றவர். 1878-ல் ஒரு நாள் அவர் நீராவி என்ஜின் பற்றிப் பாடம் நடத்தினார். எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூட வேலைக்குப் பயன்படுவது இல்லை, மீதி எல்லாம் வீண் என்று விளக்கினார்.

டீசல் திடுக்கிட்டார். 100 மூட்டை கரி வாங்கி 90 மூட்டையைத் தெருவில் கொட்டுவது போல அல்லவா இருக்கிறது! இதற்கு மாற்று கண்டே தீருவது என்று முடிவு செய்தார்.

இன்னோர் எண்ணமும் அவருக்கு இருந்தது. பெரிய நீராவி என்ஜினை வாங்கப் பெரிய முதலாளியால்தான் முடியும். சின்னத் தொழிலாளியும் தன் பட்டறையில் வைத்து ஓட்டக்கூடிய என்ஜின் வேண்டும் என்று அவர் விரும்பினார்.

1880-ல் மிக உயர்ந்த மதிப்பெண்ணுடன் தேறினார். பாரீசில் லிண்டேயின் ஐஸ் தொழிலில் வேலை பார்த்தார். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன.

தீப்பொறி இல்லாத நெருப்பு

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பதே காரணம். டீசலின் என்ஜின் இந்த உண்மையை வைத்துத்தான் வேலை செய்கிறது.

காற்றை மிகக் கடுமையாக அமுக்க வேண்டும். அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அதில் எண்ணெயைப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் என்ஜினைப் போலத் தீப்பொறி வேண்டியது இல்லை. எண்ணெய்ச் செலவும் குறையும்.

1892-ல் இதற்கு உரிமை கேட்டு மனுச் செய்தார். மறு ஆண்டு கிடைத்தது. ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடம் கொடுத்தது. குருப் கம்பெனி பணம் கொடுத்தது.

1893 ஆகஸ்டு 10-ந் தேதி முதல் சோதனை. எண்ணெய் பற்றியதும் படார் என்று ஒரு சத்தம்! அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் உயிர் தப்பினார். ஆனால் அவர் பயப்படவில்லை. எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டதே என்று மகிழ்ந்தார்.

1894 பிப்ரவரி 17-ந் தேதி என்ஜின் ஒரு நிமிடம் தானாக ஓடியது. சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17-ந் தேதி, பேராசிரியர் ஒருவர் அதைச் சோதித்தார். எண்ணெயின் வெப்பத்தில் 26 சதவிகிதம் வேலையாக மாறியது! நீராவி என்ஜினைத் தூக்கி அடித்துவிட்டது.

பல நாட்டார் உரிமை வாங்க ஓடி வந்தார்கள். டீசல் கோடீசுவரர் ஆனார். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

மின்சாரத்தோடு சேர்ந்தது

ஆனால் ஒரு குறை. அந்த என்ஜின் மூன்று மீட்டர் உயரம். அதன் சக்தியோ சுமார் 18 குதிரைத் திறன்தான். அதைக் காரில் எப்படி வைப்பது?

அந்த நாளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. அதைப் பின்னோக்கிச் சுழல வைக்க முடியாது. நின்ற இடத்தில் பாரத்தை இழுத்துக் கிளம்பவும் அதற்கு வராது.

இதற்கு ருஷியாவில் ஒரு வழி கண்டார்கள். 1903-ல் வோல்கா நதியில் வண்டால் என்ற எண்ணெய்க் கப்பலை நோபல் கம்பெனி விட்டது. அதில் மூன்று டீசல் என்ஜின்கள். அவை மின்சாரம் உற்பத்தி செய்தன. அந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றியது. மோட்டார் கப்பலை முன்னும் பின்னும் ஓட்டியது. டீசலும் மின்சாரமும் அன்றே கைகோத்துவிட்டன!

பின்னர் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் இதே சேர்க்கை வந்தது. நீருக்கு மேலே டீசல் என்ஜின் ஓட்டும், பாட்டரியையும் நிரப்பும். நீருக்கு அடியில் பாட்டரி மின்சாரம் ஓட்டும்.

டீசல் சும்மா இருக்கவில்லை. 1908-ல் லாரிக்கு ஏற்ற சிறிய என்ஜின் செய்து பார்த்தார். பலன் இல்லை. 1912-ல் ரெயில் என்ஜினும் தயாரானது. அதில் என்ஜின் நேராகவே சக்கரத்தைச் சுழற்றியது. அதைக் கிளப்ப, அமுக்கிய காற்று தேவைப்பட்டது. அதுவும் சரிப்பட்டு வரவில்லை. பிற்காலத்தில் நடுவே மின்சார மோட்டாரை வைத்த பிறகே டீசல் ரெயில் பரவலாக வெற்றி பெற்றது. இந்தியாவில் ஓடும் டீசல் ரெயில் என்ஜின்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

கப்பலில் மறைந்தார்

பணம் வந்த வேகத்தில் போயிற்று. நிலம் வாங்கி விற்பதில் பெரும் நஷ்டம். உரிமைத் தகராறுகள் வேறு. தலைவலியும் மனச்சோர்வும் அவரை வாட்டின. கடன் ஏறியது. வெளியே யாருக்கும் தெரியாது.

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்துக்குப் பயணம். நண்பர்களோடு சாப்பிட்டார். காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

காலையில் அறையில் ஆள் இல்லை! படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேல்கோட்டும் கப்பலின் மேல்தளத்தில் கிடந்தன.

சில நாட்கள் கழித்து ஒரு படகுக்காரர்கள் கடலில் பிணத்தைக் கண்டார்கள். சட்டைப் பையில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருள்கள் தகப்பனாருடையவை என்று மகன் அடையாளம் சொன்னார்.

பயணத்துக்கு முன் மனைவியிடம் டீசல் ஒரு பை கொடுத்திருந்தார். அதில் 20 ஆயிரம் மார்க் பணம் இருந்தது. பாங்கில் ஒன்றும் மிச்சம் இல்லை என்பதும் அப்போதுதான் மனைவிக்குத் தெரிந்தது. அது தற்கொலையா, விபத்தா, கொலையா? இன்று வரை முடிவாகவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

காருக்கு ஏற்றதா?

டீசல் இறந்து 23 ஆண்டுகள் ஆன பிறகே, 1936-ல் மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனி டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

2000-ம் ஆண்டில் அமெரிக்கக் கம்பெனிகள் மூன்று, டீசலும் மின்சாரமும் சேர்ந்த மாதிரிக் கார்களைக் காட்டின. அவை விற்பனைக்கு வரவில்லை. பிரான்சின் பெஜோ கம்பெனி 2011-ல் அப்படிப்பட்ட காரை உற்பத்தி செய்தது. வோல்வோவும் பின்தொடர்ந்தது. ஆனால் ஹைபிரிட் கார்களில் பெட்ரோல் வண்டிகளே வென்றன. ஏன்?

நெரிசலான சாலையில் ஊர்ந்து போகும்போது பெட்ரோல் என்ஜின் எண்ணெயை வீணாக்கும். அந்த வீண் செலவை மின்சார மோட்டார் மிச்சப்படுத்துகிறது. டீசல் என்ஜினோ ஊர்ந்து போகும்போதும் சிக்கனமானது. ஆகவே மோட்டாரைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் லாபம் குறைவு.

விலையோ கூடுதல். கடும் அழுத்தத்தைத் தாங்க டீசல் என்ஜினைக் கனமாகச் செய்கிறார்கள். அதன் மேல் மோட்டார், பாட்டரி செலவு வேறு. அடிக்கடி நின்று கிளம்பினால் அதிர்வு அதிகம். புகையைச் சுத்தம் செய்யும் கருவியும், என்ஜின் நின்று நின்று ஓடினால் ஆறிப்போய்ச் சரியாக வேலை செய்யாது.

பெரிய வண்டிகளின் கதை வேறு. மணிக்கணக்கில் ஒரே சீராக உழைக்கும் கப்பலுக்கும் ரெயிலுக்கும் டீசலும் மின்சாரமும் நல்ல ஜோடி. நகர பஸ்சுக்கும் பயன் உண்டு. நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாகச் சேமிக்கலாம். லண்டனில் 2006-ல் அப்படிப்பட்ட பஸ்கள் ஓடத் தொடங்கின.

ஆக, சிறிய காரை விட, பெரும் பாரம் சுமக்கும் வண்டிக்கே டீசல் ஹைபிரிட் பொருந்துகிறது. சின்னப் பட்டறைக்கு என்று டீசல் கனவு கண்ட என்ஜின், கடலில் பெரிய கப்பல்களை ஓட்டுகிறது. வயலில் ஏழை உழவனின் பம்பையும் அது ஓட்டுகிறது. அந்த வகையில் அவருடைய கனவும் பலித்திருக்கிறது.