கைவிளக்கும் மரணப் பதிவேடும்: ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்

நாம் பள்ளியில் படித்த 'கைவிளக்கேந்திய காரிகை' பாடத்தை இன்று நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இருண்ட மருத்துவமனைக் கூடம், வரிசையாகப் படுத்திருக்கும் போர்வீரர்கள், கையில் விளக்குடன் நடந்துவரும் ஒரு பெண். அந்தப் பாடத்தில் பொய் ஏதுமில்லை. பாதியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அந்தப் போர்க்கள மருத்துவமனைகளில் இருந்த காலம் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அதன்பிறகு 54 ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். அதில் பெரும்பகுதியை நோயாளியாகப் படுக்கையில் கிடந்தபடியே கழித்தார். படுக்கையில் இருந்துகொண்டு அவர் செய்த வேலை ஒன்றுதான்: உங்கள் பொறுப்பில் இருந்த இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வி இந்தியாவுக்கும் வந்தது, நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். தந்தையே மகள்களுக்கு வீட்டில் ஆசிரியராக இருந்தார். இவருக்குக் கணக்கின் மீது சிறு வயதிலேயே தனிப் பிரியம். நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறேன் என்று மகள் சொன்னபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு. அன்றைய இங்கிலாந்தில் அது கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் செய்யும் வேலையல்ல. வருடக்கணக்கில் போராடித்தான் சம்மதம் வாங்கினார். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பாளரானார்.

அடுத்த ஆண்டு கிரிமியப் போர். ரஷ்யாவுக்கு எதிராக உதுமானியப் பேரரசும் பிரிட்டனும் பிரான்சும் ஓரணியில் நின்றன. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் கட்டுத்துணிகூட இல்லாமல் சாகிறார்கள் என்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை எழுத, நாடு கொதித்தது. ராணுவத் துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேலுக்கு நண்பர். அவர் கேட்டுக்கொண்டபடி 38 செவிலியர்களுடன் 1854 அக்டோபர் 21 அன்று புறப்பட்டு, நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

அவர் போய் இறங்கிய 'ஸ்குடாரி' என்பது வேறெதுவுமில்லை, இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உள்ள உஸ்குதார்தான். மருத்துவமனையாக மாற்றப்பட்ட கட்டடம், சுல்தான் மூன்றாம் சலீமின் பெயரால் அமைந்த சலீமிய்யா ராணுவக் குடியிருப்பு. உதுமானியர்கள் அதை பிரிட்டிஷ் படைக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். கடலோரத்தில் நான்கு மூலையிலும் கோபுரங்களோடு அந்த மாபெரும் கட்டடம் இன்றும் நிற்கிறது. கோபுரம் ஒன்றில் நைட்டிங்கேலின் நினைவுக் காட்சியகம் இருக்கிறது.

உள்ளே நிலைமை மோசமாக இருந்தது. கிடங்கில் பொருள் இருக்கும். குழு கூடிக் கையெழுத்துப் போடாமல் அதைத் திறக்க மாட்டார்கள். அரசு வழங்காததை நைட்டிங்கேல் நன்கொடைப் பணத்தில் இஸ்தான்புல் கடைகளில் வாங்கினார். சமையலறையையும் துணி வெளுக்கும் இடத்தையும் ஒழுங்குபடுத்தினார். இரவில் விளக்கோடு சுற்றிவந்தார். இவ்வளவும் நடந்த அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, ஏறியது. 1855 பிப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 42 பேர் இறந்தார்கள். பாடப்புத்தகங்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

காரணம் தரைக்கடியில் இருந்தது. கட்டடத்தின் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைத்து, தேங்கி, நாறிக் கிடந்தன. அவற்றின் மேல் ஆயிரக்கணக்கான நோயாளிகளை நெருக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். தண்ணீர் வரும் வழியில் ஒரு குதிரையின் சடலம் அழுகிக் கிடந்தது. லண்டனில் ஆட்சி மாறி, புதிய பிரதமர் பாமர்ஸ்டன் அனுப்பிய சுகாதாரக் குழு மார்ச் மாதம் வந்து கால்வாய்களைக் கழுவி, குப்பைகளையும் சடலங்களையும் அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று வர வழி செய்தது. ஜூனில் சாவு 100க்கு 2 ஆனது.

1856 ஆகஸ்டில், வரவேற்புகளைத் தவிர்க்க வேறு பெயரில் பயணம் செய்து, யாருக்கும் தெரியாமல் வீடு திரும்பினார். நாடே கொண்டாடியது. அவருக்கோ தூக்கமில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கானவர்களைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பிறப்பு இறப்புக் கணக்கெடுப்பில் வல்லவரான வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து, மரணப் பதிவுகளை மாதவாரியாகப் பிரித்தார். குண்டுக் காயத்தில் இறந்தவர்கள் சிறு பகுதிதான். மிகப் பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காலராவும். அமைச்சர்கள் அட்டவணைகளைப் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு மாதத்தையும் வட்டத்தின் ஒரு கீற்றாக வரைந்து, தடுத்திருக்கக்கூடிய நோய்ச் சாவுகளுக்கு நீலம், காயச் சாவுகளுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு என்று வண்ணமிட்டார். நீலம் பக்கத்தை நிறைத்தது. 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அரசு விசாரணை ஆணையம் அமைப்பதாக வாக்களித்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தது. போர் அமைச்சர் பான்மூர் பிரபு மறுக்கவும் மாட்டார், செய்யவும் மாட்டார். (இந்த வகை அமைச்சர்களை நமக்கும் நன்றாகத் தெரியும்.) நைட்டிங்கேல் மூன்று மாதக் கெடு வைத்தார். அதற்குள் உறுதியான ஏற்பாடு இல்லையென்றால் தான் கண்டதையெல்லாம் அச்சிட்டு மக்கள் முன் வைத்துவிடுவதாகத் தெரிவித்தார். அவரது பெயருக்கு அன்று மக்களிடம் இருந்த செல்வாக்கு அரசுக்குத் தெரியும். 1857 மே மாதம் ஆணையம் பிறந்தது. பெண் என்பதால் அதில் அவருக்கு இடமில்லை. ஆனால் தலைவர் சிட்னி ஹெர்பர்ட்; சாட்சிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் சேர்க்க வேண்டிய புள்ளிவிவரங்களும் பெரும்பாலும் நைட்டிங்கேலின் மேசையிலிருந்துதான் போயின.

அவர் அங்கே வைத்த கணக்கு அரசைத் திடுக்கிட வைத்தது. போரே இல்லாத காலத்தில், இங்கிலாந்திலேயே, படைக் குடியிருப்புகளில் வாழும் இளம் வீரர்கள் அதே வயதுடைய ஊர் மக்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த இளைஞர்கள் அவர்கள். ஆண்டுக்கு 1100 பேரை மைதானத்தில் நிறுத்திச் சுட்டுக்கொல்வதற்கு இது சமம் என்று நைட்டிங்கேல் எழுதினார். காற்றும் வெளிச்சமும் வடிகாலும் வந்த பிறகு, சில ஆண்டுகளில் அந்த மரண விகிதம் பாதியாக இறங்கியது.

இதற்கிடையில் அவர் உடல்நிலை முறிந்துபோனது. கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் தொடர்ச்சி என்று பலரும் கருதுகிறார்கள். பல ஆண்டுகள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அமைச்சர்கள்தான் அவரைத் தேடி வந்தார்கள். 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் தொடங்கிய செவிலியர் பள்ளியைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாம் அதைக் கடந்து போவோம். அதே ஆண்டு நடந்த, பலர் அறியாத ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும். 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் எத்தனை பேர் நோயுற்றிருக்கிறார்கள், வீடு எப்படிப்பட்டது என்ற இரு கேள்விகளைச் சேர்க்கும்படி அரசிடம் மன்றாடினார். நோயையும் வீட்டையும் சேர்த்து எண்ணினால் எந்தத் தெருவில் அரசு தவறியது என்று தெரிந்துவிடும். அரசு மறுத்துவிட்டது.

லண்டன் ஹோல்பர்ன் ஏழை விடுதியில் கவனிப்பாரின்றிக் கிடந்த டிமதி டேலி என்ற தொழிலாளி 1864 டிசம்பரில் இறந்தார். பத்திரிகைகள் எழுதின. நைட்டிங்கேல் உடனே ஏழைகள் நலத்துறைப் பொறுப்பிலிருந்த வில்லியர்ஸுக்குக் கடிதம் எழுதி விசாரணையைத் தூண்டினார். நோயாளி ஏழையாக இருப்பதால் அவர் விடுதிக் கைதி ஆகிவிட மாட்டார். நோயாளிகளையும் குழந்தைகளையும் மனநலம் குன்றியவர்களையும் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டும். செலவை ஏழைப் பேட்டைகளின் தலையில் மட்டும் கட்டாமல் நகரம் முழுவதும் ஏற்க வேண்டும். இதுவே அவரது வாதம். 1867இல் வந்த சட்டம் அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்றது. ஆனாலும் ஏழைகளுக்கு மருத்துவம் அளிப்பது அரசின் கடமை என்ற கருத்து இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது அப்படித்தான்.

இனி இந்தியா. 1859இல் இந்தியாவிலுள்ள படைகளின் சுகாதாரம் பற்றி இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. நைட்டிங்கேல் இங்கு ஒருபோதும் வந்ததில்லை. ஆனால் இந்தியாவின் ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்விப் பட்டியல் அனுப்பினார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் என்று. பதில்கள் வண்டிப் பாரமாகக் குவிந்தன. அவற்றிலிருந்து அவர் கண்டறிந்தது: ஆண்டுக்கு 1000 பிரிட்டிஷ் வீரர்களில் 69 பேர் இறக்கிறார்கள். அது கூடுதல் மதிப்பீடு என்று இந்திய அதிகாரிகள் சண்டைக்கு வந்தார்கள். பதில்களை எழுதி அனுப்பியதே அவர்களுடைய நிலையங்கள்தான்! கிணற்றிலிருந்து கயிற்றால் இறைத்து, தோல் பைகளில் பிஷ்திகள் சுமந்துவரும் தண்ணீரே பல இடங்களில் ஒரே குடிநீர் ஏற்பாடு. வடிகால் என்ற ஒன்றே பல ஊர்களில் இல்லை.

1863இல் வெளிவந்த அறிக்கை 2000 பக்கங்களைத் தாண்டியது. பொதுமக்களுக்கென்று வந்த சுருக்கப் பதிப்பில் நைட்டிங்கேலின் பகுதி காணாமல் போயிருந்தது. அவர் அதைத் தனி நூலாக அச்சிட்டு, அரசியார் முதல் இந்திய அதிகாரிகள் வரை அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன.

ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அந்தப் பதில்களைப் படித்ததில் அவருக்கு ஒன்று புரிந்தது. ராணுவக் குடியிருப்பை மட்டும் கழுவிப் பயனில்லை. பக்கத்து பஜாரில் காலரா இருந்தால் அது சுவர் ஏறி வரும். வீரர்களிலிருந்து மக்களை நோக்கி அவர் திரும்பியது இங்கேதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அவரை உலுக்கியது. நம் பாட்டிமார் வழியாகப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் பஞ்சம் அது. 1878இல் ஒரு லண்டன் இதழில் இந்திய மக்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி, பாசனம் இல்லாமை, வட்டிக்காரர்களின் பிடி, ஜமீன்தாரி முறை, உப்பு வரி எல்லாவற்றையும் அடுக்கினார். கோதாவரி அணைக்கட்டைக் கட்டிய ஆர்தர் காட்டனின் பக்கம் நின்று பாசனத்துக்காக வாதாடினார். பாசனத்தால் அரசுக்கு வந்த வருமானம் எவ்வளவு என்று இந்தியா அமைச்சர் சாலிஸ்பரியிடம் கணக்குக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். உருப்படியான கணக்கு வரவில்லை.

அவரைக் குறையில்லாதவராகக் காட்ட வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் இருக்கக் கூடாது என்று அவர் நினைத்ததில்லை. அது ஒழுங்காக ஆள வேண்டும் என்பதே அவர் கேட்டது. நோய் கிருமியால் தொற்றுகிறது என்பதை ஏற்க நெடுங்காலம் தயங்கினார். ஆனால் வயது ஏற ஏற, லண்டனிலிருந்து உத்தரவு போட்டு இந்தியாவின் நோய் தீராது, அங்குள்ள மக்களே கேட்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். புனே சார்வஜனிக் சபையுடன் கடிதத் தொடர்பு வைத்தார். காங்கிரஸ் மாநாட்டுக்கு இருமுறை தலைமை ஏற்ற வில்லியம் வெட்டர்பர்னுடன் சேர்ந்து உழைத்தார்.

1892இல், 72 வயதில், அவர் இந்தியா அமைச்சருக்கு எழுதிய விண்ணப்பம் எளிமையானது. கிராமத்தாரிடம் வசூலிக்கும் உள்ளூர் வரியை வேறு எதற்கும் செலவிடும் முன், முதலில் அந்தக் கிராமத்தின் குடிநீருக்கும் துப்புரவுக்கும் செலவிடுங்கள் என்பதே அது. அமைச்சர் அதை இந்தியாவுக்கு அனுப்பினார். இந்திய அரசு ஏற்றுக்கொள்ளவில்லை.

அதன்பின் பார்வை மங்கியது, நினைவும் தளர்ந்தது. 1907இல் பிரிட்டனின் உயர்ந்த விருதான ஆர்டர் ஆஃப் மெரிட்டைப் பெற்ற முதல் பெண்ணானார். அப்போது அதை உணரும் நிலையில் அவர் இல்லை. 1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் தன் 90ஆம் வயதில் மரணித்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் செய்ய அரசு முன்வந்ததைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. சொந்த ஊரான கிழக்கு வெல்லோவின் குடும்பக் கல்லறையில் அடக்கினார்கள். கல்லில் முழுப் பெயர்கூட இல்லை. இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் மட்டும்.