குற்றாலத்தில் மறைந்த ஆவுடை அக்காள்

குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர், செங்கோட்டை.

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த ஊரில் வசதியான பிராமணக் குடும்பம் ஒன்றில் ஆவுடை பிறந்தாள்.

விளையாடுகிற வயதிலேயே அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கொஞ்ச காலத்தில் கணவன் இறந்து போனான். எல்லோரும் ஏன் அழுகிறார்கள் என்று தெரியாமல் சிறுமி விழித்தாள் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

கணவனை இழந்தவள் அந்த நாளில் மூலையில்தான் இருக்க வேண்டும். எதிரே வந்தால் சகுனம் சரி இல்லை என்பார்கள். முன் பிறவிப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்பார்கள். ஒரு குழந்தைக்கு இப்படியா கடவுளைக் காட்டுவது!

ஆவுடையின் தாயார் துணிச்சல்காரி. ஊரார் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

குரு வந்தார்

அப்போது செங்கோட்டைக்கு ஒரு பெரியவர் வந்தார். அவர் பெயர் ஸ்ரீதர வெங்கடேச அய்யாவாள். கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரில் வாழ்ந்தவர். தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி, 1693-ல் பண்டிதர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் அது.

அய்யாவாள் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு கதை உண்டு.

அவர் வீட்டில் திவசம். சமையல் முடிந்துவிட்டது. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவன், பசி என்று வந்து நின்றான். திவசச் சோற்றை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டார் அய்யாவாள்!

சாப்பிட வந்த அந்தணர்கள் கோபித்துக்கொண்டார்கள். கங்கையில் குளித்துவிட்டு வந்தால்தான் தோஷம் தீரும் என்றார்கள். கங்கை எங்கே, கும்பகோணம் எங்கே! அய்யாவாள் மனம் உருகிப் பாடினார். வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கி வந்ததாம். கார்த்திகை அமாவாசை அன்று அந்தக் கிணற்று நீரில் குளிக்க இன்றும் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள்.

சாத்திரத்தைவிடப் பசியைப் பெரிதாக நினைத்த அந்த மனிதர்தான் ஆவுடைக்கு உபதேசம் செய்தார்.

கடவுள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு தண்டனை கொடுப்பவர் அல்ல. அவர் உள்ளே இருக்கிறார். நீயும் அவரும் வேறு அல்ல. இதுதான் உபதேசம். பாவி என்றே கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

ஊர்விலக்கு

விதவைக்கு உபதேசமா என்று ஊர் கொதித்தது. ஆவுடையை விலக்கி வைத்தார்கள். அவர் குருவைத் தேடிக் காவிரிக் கரைக்குப் போனார்.

அங்கேயும் நிம்மதி இல்லை. குருவின் மற்ற சீடர்களுக்குப் பொறாமை.

ஒரு நாள் ஆவுடை அக்காள் காவிரி மணல் திட்டில் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார். வெள்ளம் வந்துவிட்டது. குரு பதறிப்போய்ப் பார்த்தார். நாலு பக்கமும் தண்ணீர். அக்காள் இருந்த இடத்தை மட்டும் வெள்ளம் தொடவில்லையாம். அதன் பிறகுதான் சீடர்கள் வாயை மூடினார்கள்.

பெண்கள் பாட்டு

குரு சொல்லிக்கொடுத்ததை அக்காள் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பண்டிதர்கள் வடமொழியில் பேசிய வேதாந்தத்தைப் பேச்சுத் தமிழில் பாடினார். பெண்கள் கை கொட்டி ஆட "வேதாந்தக் கும்மி". காய் வீசி விளையாட "வேதாந்த அம்மானை".

எச்சில், தீட்டு என்று பிறரை ஒதுக்குவதை அவர் விடவில்லை. பூசைக்கு வைக்கும் பூ, வண்டின் எச்சில். குடிக்கும் பால், கன்றின் எச்சில். குளிக்கிற ஆற்று நீரோ மீனின் எச்சில். பிறகு எது சுத்தம் என்று பாட்டிலே கேட்டுவிட்டார்.

எழுத்தே தெரியாத பெண்கள் அந்தப் பாடல்களை மனப்பாடமாகப் பாடினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் நோட்டில் எழுதி வைத்தார்கள். பாட்டியிடம் இருந்து பேத்திக்கு வந்த அந்தப் பாடல்களைத் தென்காசி பக்கத்து ஆய்குடியைச் சேர்ந்த வேங்கடராம சாஸ்திரிகள் தேடித் தொகுத்தார். பிற்காலத்தில் ஞானானந்த தபோவனம் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டது.

கடைசியில் அக்காள் செங்கோட்டைக்கே திரும்பினார். விலக்கி வைத்த ஊர், இப்போது காலில் விழுந்தது.

ஓர் ஆடி அமாவாசை. குற்றால அருவியில் குளித்தார். பிறகு மலை மேல் ஏறிப் போனார். உடன் வந்தவர்கள் காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது. தேடிப் பார்த்தார்கள்.

அக்காள் திரும்பி வரவே இல்லை.