கோலத்திற்கு இலக்கணம் கண்டவர்: கிஃப்ட் சிரோமணி

செங்கற்பட்டு வட்டாரத்துச் சிற்றூர்களில் கதிரவன் எழுமுன் வாசல் தெளித்துக் கோலமிடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருவது. அரிசி மாவினால் இட்ட கோலத்தை எறும்பு தின்னும். நடப்போர் காலடி கலைக்கும். நண்பகலுக்குள் பெரும்பகுதி மறைந்துவிடும். மறுநாள் அதே இடத்தில் வேறொரு கோலம் பிறக்கும். இட்டவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அழிவதற்கென்றே ஆக்கப்படும் இக்கலையை உயர்கணித ஆய்வுக்குரிய பொருளாக்கி உலக அறிஞர் அவையில் வைத்தவருள் முதன்மையானவர், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி அவர்கள்.

1932ஆம் ஆண்டு பிறந்த சிரோமணி, கணிதத்திலும் புள்ளியியலிலும் பயிற்சி பெற்று, தம் பணிக்காலத்தைத் தாம்பரத்திலேயே கழித்தார். சென்னை நகரின் நெருக்கடியை விட்டு 1937இல் தாம்பரத்துக் குறுங்காட்டிடையே குடியேறிய கல்லூரி அது. மரமும் புதரும் பறவையும் மானும் நிறைந்த அச்சூழலில், ஒரு துறையின் வேலிக்குள் அடங்காத அறிஞர் பலர் உருவாயினர். மெய்யியல் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட், தாவரவியல் பேராசிரியர் தயானந்தன் ஆகியோர் சிரோமணிக்குத் தோழர்களாக வாய்த்தனர். துணைவியார் ராணி சிரோமணி அதே கல்லூரியின் கணிதப் பேராசிரியர். கணிப்பொறியியலின் அடிப்படையான வடிவமொழிக் கோட்பாட்டில் உலகப் புகழ் பெற்றவர். இல்லறமும் அறிவறமும் இணைந்த இவ்விருவர் வாழ்வில் பிறந்ததே கோல ஆய்வு.

ஆயினும் சிரோமணி முதலில் தொட்டது கோலத்தை அன்று, தமிழையே. 1948இல் அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் செய்தியை அளக்கும் ஒரு கணக்கை வகுத்தார். ஒரு தொடரில் அடுத்து வரும் எழுத்தை எளிதில் ஊகிக்க முடியுமாயின் அவ்வெழுத்துத் தரும் புதுச்செய்தி குறைவு. ஊகிக்க முடியாதாயின் மிகுதி என்பது அதன் சாரம். தமிழ்ச் சொல்லின் இடையில் ஙகர மெய் வந்தால் அடுத்துக் ககரம் வரும் என்பதை நம் சிறுவரும் அறிவர். மெய்ம்மயக்கம் என்று தொல்காப்பியர் வகுத்த நெறி இதுவே. இத்தகைய கட்டுப்பாடுகள் ஒரு மொழியில் எந்த அளவு நிறைந்துள்ளன என்பதை எண்ணால் சொல்ல இயலுமா? தமிழ் உரைநடையை எடுத்துக்கொண்டு இக்கணக்கைச் செய்து 1963இல் வெளியிட்டார் சிரோமணி. அதனையடுத்துக் கன்னடம், தெலுங்கு ஆகியவற்றின் உரைநடைக்கும் இத்தகைய கணக்கீடுகள் செய்யப்பட்டன. ஊகிக்க இயலாத சொல்லை ஊகிக்க இயலாத இடத்தில் வைப்பதே கவிஞர் தொழில் என்பதால், இந்த அளவீடு கவிஞர்க்கும் அயலானதன்று.

இலக்கணம் என்ற சொல்லுக்கு அந்நாளில் புதுப்பொருள் ஒன்று தோன்றியிருந்தது. 1950களில் நோம் சாம்ஸ்கி, ஒரு தொடக்கக் குறியையும் சில மாற்று விதிகளையும் கொண்டு எல்லையற்ற தொடர்களைப் பிறப்பிக்கலாம் என்று காட்டினார். சொற்றொடர் ஒரே திசையில் ஓடுவது. படமோ அகலமும் நீளமும் உடையது. அதற்கும் இலக்கணம் உண்டா என்பது அடுத்து எழுந்த வினா. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1972இல் இதற்கு ஒரு விடை தந்தனர். முதலில் கிடைநிலையில் ஒரு குறிவரிசை உருவாகும். பின்னர் அவ்வரிசையின் ஒவ்வொரு குறியும் ஒருசேரக் கீழ்நோக்கி வளரும். முடிவில் செவ்வகப் படம் ஒன்று நிறையும். தறியில் பாவு விரித்து ஊடு கொடுப்பதை ஒத்த இம்முறை இன்றும் சிரோமணி இலக்கணம் என்றே கணிப்பொறியியலாரால் வழங்கப்படுகிறது.

இவ்விலக்கணத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடியபோது அவர்கள் தொலைவு செல்லவில்லை, வாசலிலேயே கண்டனர். மூன்று புள்ளிக்குப் போட்ட கோலத்தை ஐந்துக்கும் ஏழுக்கும் விரிப்பது எப்படி என்பதைத் தமிழகத்துப் பெண்கள் ஏட்டுக்கல்வி இன்றியே அறிந்திருந்தனர். ஒரு கோலம் என்பது ஒரு படம் அன்று. ஒரே விதியில் பிறந்து எல்லையின்றி வளரும் படக்குடும்பம். கோலங்களும் அணி இலக்கணங்களும் பற்றிய அம்மூவரின் ஆய்வு 1974இல் பன்னாட்டுக் கணிப்பொறி வரைவியல் இதழில் வெளிவந்தது. எளிய விதிக்கு அடங்கும் கோலம், அதனினும் கூடுதல் ஆற்றலுள்ள விதி வேண்டும் கோலம் என்று கோலங்கள் அங்கே வகைபெற்றன. மேலைநாட்டு ஆய்வாளர் பலர் கோலம் என்ற தமிழ்ச் சொல்லை முதன்முதலாகப் படித்தது அக்கட்டுரையில்தான்.

கம்பிக் கோலம் வேறொரு புதிரை வைத்தது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் இழை, சில கோலங்களில் ஒரே இழையாகத் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். பிரம்ம முடியும் கிருஷ்ணன் சிலம்பு எனப்படுவதும் இவ்வகையின. விரலால் மாவிடுபவர் முழுப் படத்தையும் மனத்தில் வைத்திருப்பதில்லை. நேரே செல்லல், வலப்புறம் வளைதல், இடப்புறம் வளைதல், புள்ளியைச் சுற்றி வருதல் என்ற சில அசைவுகளின் வரிசையையே கைப்பழக்கமாகக் கொண்டுள்ளார். அவ்வசைவுகளை எழுத்துகளாகக் குறித்தால் ஒரு கோலம் ஒரு சொல்லாகிறது. வட்டமாக முடியும் சொல்லாதலின் அதற்கு முதலும் இல்லை, ஈறும் இல்லை. அசைவெழுத்துகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்தால் அது கோலத்தை வரைந்து காட்டும். 1980களில் சிரோமணி இணையரின் கருத்து இத்திசையில் சென்றது.

இதே காலத்தில் உலகின் வேறொரு மூலையிலும் இதனை ஒத்த சிந்தனை வளர்ந்தது. பாசி இழையின் உயிரணுக்கள் பெருகும் விதத்தை மாற்று விதிகளால் 1968இல் விளக்கியவர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்னும் உயிரியலார். அவ்விதிகளைக் கொண்டு கனடாவில் பணியாற்றிய புருசின்கியேவிச் கணிப்பொறித் திரையில் செடிகொடிகளை வளர்த்துக் காட்டினார். அவ்வகை விதிகளுக்கு எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொண்டவற்றுள் தமிழர் கோலமும் ஒன்று. கொடி தழைக்கும் விதியும் கோலம் விரியும் விதியும் ஓரினம் என்பது அவ்வாறு விளங்கிற்று. வாசலில் கொடியையும் தாமரையையும் வரைந்த கைகள் இதனை முன்பே உணர்ந்திருந்தன போலும்.

விதி கண்டால் கலை செத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்திற்கு விடை தமிழ் யாப்பிலேயே இருக்கிறது. வெண்டளை பிறழாமை, ஈற்றடி முச்சீர், நாள் மலர் காசு பிறப்பென்னும் முடிவு ஆகிய அனைத்தும் விதிகளே. அவ்விதிகளை அறிந்தோர் எல்லாரும் நல்ல வெண்பாப் பாடிவிடவில்லை. அவ்விதிகளால் வெண்பா வற்றிப்போகவும் இல்லை. எந்தக் கோலம் கூடும் என்பதை இலக்கணம் சொல்லும். இன்று வாசலில் எதை இடுவது என்பதை இட வந்தவரே முடிவு செய்வார். சிரோமணி செய்தது கலையைக் கணிதத்திற்குக் கீழ்ப்படுத்தும் வேலை அன்று. குனிந்து மாவிட்ட பெண்கள் கணிதமே செய்துகொண்டிருந்தனர் என்பதை மெய்ப்பித்த வேலை.

அவருடைய மற்றொரு காதல் மாமல்லபுரம். தாம்பரத்திலிருந்து எளிதில் சென்று வரத்தக்க அக்கடற்கரையைப் புள்ளியியலார் கண்ணோடு அவர் நோக்கினார். சிற்பங்களின் ஆடை அணிகலன்களை வகைப்படுத்தி 1970இல் எழுதினார். பூணூல் வலக்கையின் மேலாகச் செல்கிறதா, காதணி எவ்வகை, இடைக்கச்சின் முடிச்சு எப்படி என்பன போன்ற சிறு செய்திகளை எண்ணித் தொகுத்தால் சிற்பத்தின் காலம் தெளியும் என்பது இத்தகைய ஆய்வின் அடிப்படை. மாமல்லபுரத்துக் கோயில்களை எழுப்பியவர் பல்லவ மன்னர் பலரா, ராஜசிம்மன் ஒருவனா என்ற வழக்கு 1962இல் இரா. நாகசாமி அவர்களின் கருத்துக்குப் பின் கூர்மை பெற்றிருந்தது. லாக்வுட், சிரோமணி, தயானந்தன் மூவரும் 1974இல் மாமல்லபுர ஆய்வுகள் அடங்கிய நூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். தர்மராச இரதத்தின் மேல்தளத்துச் சோமாஸ்கந்தர், ராஜசிம்மன் காலத்துச் சோமாஸ்கந்தர்களினின்றும் அமைப்பில் வேறுபடுவதை எடுத்துக்காட்டியதும், கொம்புடைய வாயிற்காவலர் உருவில் சிவனது சூலத்தைக் கண்டதும் இவர்தம் ஆய்வின் பயன்களாம். கோலத்திற்கு இலக்கணமும் கற்கோயிலுக்குக் காலமும் அவரிடமிருந்து ஒரே ஆண்டில் வந்தன. ஒன்று நண்பகலில் அழிவது. மற்றொன்று உப்புக்காற்றில் ஆயிரத்து முந்நூறு ஆண்டாகத் தேய்வது.

பின்னர்ப் பல்லவச் சிற்பங்களின் உறுப்பளவுகளை அளந்து, முகநீளத்தை அலகாகக் கொண்ட சிற்பநூல் அளவைகளோடு தம் துறையினருடன் ஒப்பிட்டார். தேய்ந்த பல்லவ கிரந்தக் கல்வெட்டு ஒன்றைப் படிக்கக் கணிப்பொறியால் படத்தைத் தெளிவாக்கும் வழி கண்டார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணிப்பொறி தானே அறியும் முறை ஒன்று 1978இல் அவர் குழுவினரால் வெளியாயிற்று. எழுத்தைச் சிறுகட்டங்களாகப் பகுத்து, கிடைவரிசையையும் நெடுவரிசையையும் குறிகளாக்கி, அகராதி ஒன்றோடு ஒப்பிடுவது அம்முறை. இன்று கையடக்கக் கருவி தமிழ் நூலின் பக்கத்தைப் படித்துத் தருவதைக் காண்போர், அப்பாதையில் முதற்கல் நட்டவருள் ஒருவராக அவரைக் கருதுதல் தகும்.

புலமையும் விளையாட்டும் ஒருங்கே சேர்ந்த அவருடைய ஆக்கம், பழைய எழுத்துகளில் திருக்குறள் என்னும் 1980ஆம் ஆண்டு வெளியீடு. கல்வெட்டுகளில் காணும் எழுத்துருக்களைக் காலவாரியாகக் கணிப்பொறிக்குக் கற்பித்து, குறளைப் பண்டைய வரிவடிவங்களில் வரையச் செய்தனர் சிரோமணியும் துறையினர் இருவரும். நாம் மனப்பாடமாக அறிந்த குறள் நம் கண்ணுக்கே அயலாகி நிற்பதும், எழுத்து மாறியும் சொல் மாறாமல் வந்திருப்பதும் அங்கே ஒருசேரப் புலப்படும்.

சிந்துவெளி முத்திரைக் குறிகளைக் கணிதமுறையில் பகுக்கும் ஆய்விலும் ஈடுபட்டிருந்த சிரோமணி, 1988இல் அறுபது அகவையைக் காணாமலே மறைந்தார். கம்பிக் கோலம் பற்றிய கட்டுரை ஒன்று அவர் மறைவுக்குப் பின் 1989இல் வெளிவந்தது. தொடங்கிய இடத்திற்கு வந்து சேராத இழையாக அவர் பணிகள் பல நின்றன.

அவ்விழையைப் பிறர் கையேற்றனர். மாமல்லபுரம் செல்லும் வழியில் சிறுசேரியில் அமைந்த சென்னைக் கணிதவியல் நிறுவனம் அவர் எழுத்துகளைத் தொகுத்து எவரும் படிக்குமாறு வைத்துள்ளது. படக்கோல இலக்கணம் பற்றிய ஆய்வுகள் பல நாடுகளில் தொடர்கின்றன. அடுக்குமாடி வாயில்களில் இன்று ஒட்டுத்தாள் கோலம் இடம்பிடித்துவிட்டது. அது அழிவதில்லை; ஆதலால் மறுநாள் பிறப்பதுமில்லை. மாவை விரலிடுக்கில் எடுத்துப் புள்ளி வைப்போர் தாம்பரத்துத் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். மூன்று புள்ளியை ஐந்தாக்கும் விதியைச் சிறுமி ஒருத்தி தன் தாயிடமிருந்து கற்கும் விடியல்தோறும் சிரோமணி எழுதிவைத்த இலக்கணம் மண்ணில் ஒருமுறை மெய்யாகிறது.