வானூர்தி வலவர் டூலிட்டில்

விண்ணிற் பறக்கும் ஊர்தியும் மண்ணில் ஓடியே ஆக வேண்டிய நேரம் உண்டு. எழும்போது சில நொடி. இறங்கும்போது சில நொடி. வலவருக்குப் பெருஞ்சோதனை அந்நொடிகளே ஆகும். உயரத்தில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள இடமுண்டு. நிலத்தை ஒட்டிய இடத்தில் அவ்வாய்ப்பு இல்லை. இதனைப் பட்டறிந்து, வாழ்நாள் முழுதும் மறவாதிருந்தவர் அமெரிக்க விமானி ஜேம்ஸ் டூலிட்டில். உலகம் அவரை அஞ்சா நெஞ்சினர் என்று மட்டுமே போற்றியது. அது பாதி உண்மையே.

அவர் 1896-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்து அலமேடா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தச்சர், பொன் தேடி அலாஸ்காவுக்குச் சென்றவர். ஆதலின் டூலிட்டிலின் இளமை நோம் என்னும் பனி சூழ்ந்த ஊரிற் கழிந்தது. உருவத்தாற் சிறியவராயினும் குத்துச்சண்டையில் வல்லவர். 1917-இல் படையிற் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றார்.

1922-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க நாட்டின் கீழ்க்கரையிலிருந்து மேல்கரைக்கு ஒரு நாளைக்குள் பறந்துவிட அவர் துணிந்தார். புளோரிடாக் கடற்கரை மணலே அவருக்கு ஓடுபாதையாயிற்று. விமானம் விரைந்து ஓடுகையில் சக்கரம் இளகிய மணலிற் சிக்கியது. மறுகணம் விமானம் கடலலைகளிடையே தலைகுப்புறக் கவிழ்ந்தது. எரிபொருள் நிறைந்த விமானம், தேர்ந்த வலவர், தெளிந்த வானம் எல்லாம் இருந்தன. நல்ல தரை இல்லை. உயிர் பிழைத்த டூலிட்டில், செப்டம்பர்த் திங்களில் மீண்டும் அதே கடற்கரையிலிருந்து எழுந்து, இடையில் ஓரிடத்தில் மட்டும் இறங்கி, 21 மணி 19 நிமிடத்திற் சான் டியாகோ நகரை அடைந்தார்.

பாராட்டு மழையில் அவர் மயங்கவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, 1925-இல் வானூர்தி இயலில் முனைவர் பட்டம் பெற்றார். காற்றின் திசையை உடலுணர்ச்சியால் அறியலாம் என்று அக்காலத்து விமானிகள் பலர் நம்பினர். நிலம் கண்ணுக்குத் தெரியாதபோது அவ்வுணர்ச்சி பயன்படாது என்பதை டூலிட்டிலின் ஆராய்ச்சி காட்டிற்று.

இம்முடிவு பின்னர்ப் பெரும்பயன் விளைத்தது. மூடுபனியில் அகப்பட்ட விமானிக்கு மேல் எது, கீழ் எது என்பதும் தெரியாது. விமானம் வளைந்து இறங்கிக்கொண்டிருக்க, நேராகச் செல்வதாகவே அவர் உணர்வார். இவ்வாறு மாண்டோர் பலர். இக்கொடுமையை நீக்கக் குகன்ஹைம் அறநிதியினர் நியூயார்க்கை அடுத்த மிட்செல் விமானத்தளத்தில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவி, 1928-இல் டூலிட்டிலை அமர்த்தினர். அடிவானத்தின் நிலையையும் திசையையும் காட்டும் சுழற்கருவிகளை ஸ்பெரி நிறுவனத்தார் ஆக்கினர். நுட்பமான உயரமானியைக் கோல்ஸ்மன் அமைத்தார். ஓடுபாதையின் நேர்வழியில் விமானம் செல்கின்றதா என்பதை வானொலி அலை உணர்த்தியது.

1929-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் டூலிட்டிலின் இருக்கை, வெளியே எதுவும் தெரியாதவாறு முற்றும் மூடப்பட்டது. முன்னிருக்கையில் பாதுகாப்பிற்காக அமர்ந்த பெஞ்சமின் கெல்சி, விமானத்தைத் தாம் இயக்கவில்லை என்பது விளங்கக் கைகளை மேலே தூக்கி வைத்திருந்தார். டூலிட்டில் கருவிகளை மட்டுமே நோக்கி எழுந்து, வட்டமிட்டு, 15 நிமிடத்தில் அதே தளத்தில் இறங்கினார். கண்டோர் வியந்தனர், அவரோ, இறக்கம் அத்துணைச் செம்மையாக அமையவில்லை என்றே கருதினார். இன்று மழையிலும் பனியிலும் பயணிகளைக் கொணர்ந்து இறக்கும் முறைக்கு அப்பதினைந்து நிமிடமே வித்து.

டூலிட்டில் ஓட்டிய விமானங்கள் பலவகைப்பட்டவை. ஒன்றன் பழக்கம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று அவர் கொள்வதில்லை. 1932-இல் ஜீபீ என்னும் பந்தய விமானம் அவரிடம் வந்தது. பீப்பாய் போன்ற உடலும் குட்டைச் சிறகுகளும் கொண்ட அதனை வலவர் பலரும் அஞ்சினர். முந்திய ஆண்டில் அவ்வகை விமானமொன்று லோவல் பெய்ல்ஸ் என்னும் விமானியின் உயிரைக் குடித்திருந்தது. டூலிட்டில் அதனை ஏறத்தாழ 5,000 அடி உயரத்திற்குக் கொண்டு சென்று, பந்தயத்திற் செய்ய வேண்டிய வளைவுகளை அங்கே செய்து பார்த்தார். விமானம் திடீரென இருமுறை புரண்டது. தரையருகே அது நேர்ந்திருப்பின் அவர் கதை அன்றே முடிந்திருக்கும். அவ்விமானத்தில் தாம்சன் பரிசை வென்றபின் அவர் பந்தயத்தையே துறந்தார். வெற்றியின் உச்சியில் விலகுதல் எளிதன்று.

1942-இன் தொடக்கத்தில் பி-26 என்னும் குண்டுவீச்சு விமானம் பெரும்பழிக்கு ஆளாகியிருந்தது. மிகுந்த வேகத்தோடு இறங்க வேண்டிய அது, பயிற்சி பெறும் இளைஞர் பலரைப் பலிகொண்டது. அதனை ஆராயுமாறு ஏவப்பட்ட டூலிட்டில், இரண்டு பொறிகளுள் ஒன்றை நிறுத்திவிட்டு அவ்விமானத்தை எழுப்பினார், வளைத்தார், இறக்கினார். குறை பயிற்சியில் இருந்ததேயன்றி விமானத்தில் அன்று என்பது விளங்கிற்று.

அவ்வாண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், தரைத்தளங்களுக்கென ஆக்கப்பட்ட 16 பி-25 விமானங்கள், ஹார்னெட் என்னும் கப்பலின் மேல்தளத்திலிருந்து ஜப்பானை நோக்கி எழுந்தன. தலைவராகிய டூலிட்டிலே முதலில் எழ வேண்டும். அவருக்குக் கிடைத்த பாதை 467 அடியே. வலச்சிறகு கப்பலின் மேற்கட்டில் மோதாதிருக்கத் தளத்தின்மேல் வெள்ளைக் கோடுகள் தீட்டப்பட்டிருந்தன. குறுகிய தூரத்தில் எழும் முறையைக் கடற்படை அதிகாரி ஒருவரிடம், தம்மினும் இளையவர் என்று பாராது, ஏனைய வீரரோடு மாணவராய் இருந்து அவர் கற்றிருந்தார். பதினாறும் தவறாது எழுந்தன. ஆயினும் எரிபொருள் குன்றியதால் ஒன்றொழிய ஏனைய விமானங்கள் அழிந்தன. வீரர் சிலர் மாண்டனர். அடைக்கலம் தந்த சீன மக்கள் பட்ட துன்பமோ பெரிது.

போர் முடிந்து, அவர் மீண்டும் எண்ணெய் நிறுவனப் பணியில் இருந்த காலம். 1951 டிசம்பர் முதல் 1952 பிப்ரவரி வரை, நியூவார்க் விமானநிலையத்தை அடுத்த எலிசபெத் நகரில் மூன்று விமானங்கள் அடுத்தடுத்து வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருள் தத்தம் வீட்டில் இருந்தோரும் உண்டு. மக்கள் கொதித்தெழ, நிலையம் மூடப்பட்டது. குடியரசுத் தலைவர் ட்ரூமன், மூவர் குழுவொன்றை டூலிட்டிலின் தலைமையில் அமைத்தார்.

மே திங்களில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, ஓடுபாதை அதன் விளிம்போடு முடிந்துவிடுவதன்று என்பதை எடுத்துரைத்தது. புதிய நிலையங்களில் முதன்மையான ஓடுபாதையின் இரு முனைகளிலும் அரை மைல் நீளமும் 1,000 அடி அகலமும் உடைய வெற்றிடம் வேண்டும். அதற்கப்பால் இரண்டு மைலளவும் விசிறிபோல் விரியும் நிலத்தில், கட்டடங்களுக்கும் குடியிருப்புக்கும் வரையறை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. முப்பதாண்டுக்கு முன் மணலிற் சக்கரம் புதையக் கண்டவர், இப்போது பாதைக்கு அப்பால் உறங்கும் குழந்தைகளுக்காகவும் அளவுகோலை எடுத்தார். ஓடுபாதை முனைகளில் இன்று ஒதுக்கப்படும் காப்புநிலங்கள் இக்கருத்தின் வழிவந்தவை.

டூலிட்டில் 1993-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் கலிபோர்னியாவிற் காலமானார். அப்போது அவருக்கு வயது 96.